பத்தாம் வகுப்பில் இனப்படுகொலைப் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் ஆறாம் வகுப்புக் குடிமையியல் பகுதி, பாரபட்சம் என்றால் என்ன, அது எவ்வாறு உருவாகிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியில் சொல்கிறது. பத்தாம் வகுப்பு வரலாற்றில், இரண்டாம் உலகப்போர்ப் பாடத்தின் ஒரு சிறு பகுதியாக யூதர் இனப்படுகொலை இடம்பெறுகிறது. முன்னதன் முற்றிய வடிவமே பின்னது என்பதை மாணவரே கண்டுகொள்ளட்டும் என்று விட்டிருப்பதுதான், இவ்விரு பாடங்களையும் பல ஆண்டுகள் நடத்திய எனக்குப் பெருங்குறையாகத் தெரிகிறது.

போர்ப் பாடத்துக்குள் வைக்கப்படுவதால், படுகொலையும் போரின் கொடுமைகளுள் ஒன்றாகவே மனத்தில் பதிகிறது. ஆனால் போர் தொடங்கியது 1939இல். ஹிட்லர் ஆண்ட ஜெர்மனியில் யூதர் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கமும், யூத ஆசிரியர்களையும் அலுவலர்களையும் அரசுப் பணியிலிருந்து நீக்கிய சட்டமும் 1933 ஏப்ரலிலேயே வந்துவிட்டன. 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் அவர்களின் குடியுரிமையைப் பறித்தன. 1938 நவம்பரில் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன. அதே மாதத்தில் யூதக் குழந்தைகள் ஜெர்மன் பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இன்று வகுப்புக்கு வரக்கூடாது என்று அரசே சொன்னதைப் பதினைந்து வயதுப் பிள்ளையால் உடனே உணர முடியும். நாமோ கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது லட்சம் என்ற எண்ணைப் பேர்ல் துறைமுகத் தாக்குதலின் தேதியோடு சேர்த்து மனப்பாடம் செய்யவைத்து, காலக்கோடு வரையச் சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

இப்பாடத்தை 1991 முதல் கட்டாயமாக்கியுள்ள இங்கிலாந்தில், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆய்வு நடத்தி 2016இல் வெளியிட்டது. யூத வெறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பொருள் தெரியவில்லை. ஹிட்லர் என்ற தனிமனிதரே எல்லாவற்றுக்கும் காரணம் என்று கருதியோரும் ஏராளம். நம் விடைத்தாள்களிலும் நான் கண்டது அதே ஹிட்லரைத்தான். சட்டம் எழுதியவர், பட்டியல் தயாரித்த எழுத்தர், ரயிலை இயக்கியவர், காலியான வீட்டுப் பொருள்களை ஏலத்தில் எடுத்த அண்டைவீட்டார் ஆகியோர் எந்த விடையிலும் இல்லை. ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் டூட்சி இன மக்கள் படுகொலை செய்யப்பட்டதையும் உடன்வைத்துக் கற்பித்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே பெல்ஜிய ஆட்சி 1930களில் கொடுத்த அடையாள அட்டையில் இருந்த இனப்பிரிவே, 1994இல் சாலைத் தடுப்புகளில் உயிரைத் தீர்மானித்தது; டூட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்றது வானொலி.

நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவரை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதையும், அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்ததையும் வாசகர்கள் அறிவார்கள். சாதிக் கொடுமையையும் யூதர்கள் கொல்லப்பட்ட ஆஷ்விட்ஸ் முகாமையும் ஒரே தராசில் வைப்பது இரண்டுக்கும் நியாயமாகாது. நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கயிறு கட்டிய கைகள் இருக்கும் வகுப்பில்தான் இப்பாடமும் நடக்கிறது. பேச்சு சாதிக்குத் திரும்பிவிடுமோ, பெற்றோர் புகார் செய்வார்களோ என்று அஞ்சி ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இத்தகைய உரையாடலை நடத்த அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் யார்?

பாடநூலைத் திருத்த ஆண்டுகள் பிடிக்கும். வினாத்தாளை அடுத்த காலாண்டுத் தேர்விலேயே மாற்றலாம். எத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்று கேட்கும் இடத்தில், '1933 முதல் 1938 வரை ஜெர்மனியில் யூதர்கள் இழந்த உரிமைகளை வரிசைப்படுத்தி, அவற்றுள் எந்த நிலையில் யார் தடுத்திருக்க முடியும் என்று விளக்குக' என ஓர் ஐந்து மதிப்பெண் வினாவைப் பள்ளிக் கல்வித் துறை சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருநெல்வேலி.