பின்வீட்டு அத்தைக்கும் மஞ்சக்குப்பத்து உறவுகளுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. சாமான்கள் அதனதன் இடத்துக்குப் போய்விட்டன. மகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. என் கணவர் புதுச்சேரியில் ஒரு கணக்கு வேலைக்குக் காலை பஸ்ஸில் போய் இரவு திரும்புகிறார். உங்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லிப் பார்த்தேன். பாதி சொல்வதற்குள் "அட விடும்மா, இதைப் போயி பெருசா" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதையாவது கடைசி வரை படியுங்கள்.

இந்த ஊருக்கு நான் முதலில் வந்தது 1988ல், மூன்றாம் வகுப்பில். அப்பாவுக்கு அரசு வேலை, மாற்றல். 1992ல் தர்மபுரிக்குப் போனோம். 1995ல் மறுபடி இங்கேயே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார் அப்பா. போகும்போது இது தென்னாற்காடு மாவட்டம். திரும்பி வந்தபோது விழுப்புரம் தனியாகப் பிரிந்து, இது தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் ஆகியிருந்தது; கடலூர் மாவட்டம் என்ற பெயர் அப்புறம்தான் வந்தது. கலெக்டர் ஆபீஸ் மட்டும் மைதானத்துப் பக்கத்தில் அப்படியே இருந்தது. 2001ல் கல்யாணமாகித் திருப்பூர் போனேன். 2011 ஜூனில் கணவரோடும் இரண்டு வயது மகளோடும் திரும்பினேன். அப்பா காலமானபின், 2014ல், அம்மாவையும் கூட்டிக்கொண்டு சென்னை. இப்போது 2025 மே மாதம் மறுபடியும் மஞ்சக்குப்பம்.

மூன்று முறை போய் மூன்று முறை திரும்பியிருக்கிறேன். இத்தனைக்கும் எங்களுக்கு இங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. பிறந்த ஊரும் இல்லை, புகுந்த ஊரும் இல்லை. இருந்ததெல்லாம் வாடகை வீடுகள்தான்.

ஊரைக் காலி செய்துகொண்டு திரும்பி வருகிறவர்களிடம் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஏன், அங்க சரிப்பட்டு வரலையா?" சொந்தக்காரர்களே கேட்டார்கள். கணவர் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு. அதை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அவருக்குக் குரலே இறங்கிப்போயிருந்தது. உங்கள் தெருவில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. பின்வீட்டு அத்தை கேட்டது "வந்துட்டியா? சாப்ட்டியா?" மட்டும்தான். அன்று இரவு என் கணவர் நிம்மதியாகத் தூங்கினார். அத்தை, அதற்கே உங்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுதவேண்டும்.

வீடு பார்த்துக் கொடுத்த ஆட்டோ அண்ணனுக்கு முதல் நன்றி. என் மகளைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போனவர் அவர். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் போனில் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். ஏழு வீடு பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். வாசல், கூடம், அடுப்படி எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து ஒரு வாய் குடிப்பார். "இது உப்பு கரிக்குதும்மா, வேணாம்" என்பார். கடலுக்குக் கிட்டே போகப்போக இங்கே போர் தண்ணீர் உப்பு. அது தெரியாமல் வீடு பிடித்தால் வருஷம் முழுக்கக் கேன் தண்ணீர்தான். ஏழாவது வீட்டில் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இன்னொரு வாய் குடித்தார். அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். புரோக்கர் கமிஷன் என்று நாங்கள் நீட்டிய பணத்தை வாங்கவே இல்லை. அண்ணே, அந்த வீடியோக்களை நான் இன்னும் அழிக்கவில்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கும் நன்றி. சென்னையில் நாங்கள் காலி செய்த வீட்டின் அட்வான்ஸ் கைக்கு வரத் தாமதமாகிக்கொண்டே இருந்தது. வெள்ளையடிக்க இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு என்று கழித்து, மீதியையும் பிறகு தருகிறோம் என்றார்கள். நிலைமையைச் சொன்னதும் நீங்கள் "ரெண்டு மாச வாடகை குடுங்க, மீதி மெதுவா பாத்துக்கலாம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டீர்கள். முன்பின் தெரியாத குடும்பத்தை நம்பிக் கொடுத்தீர்கள் அம்மா.

சென்னையில் அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் ஆனால் பையில் இரண்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டு "வீட்டுக்குப் போலாம், வா" என்பார். இதுதானே வீடு என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். சாமான் ஏற்றிய அன்று விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். திண்டிவனம், புதுச்சேரி என்று வழி முழுக்க அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முள்ளோடை தாண்டிப் பாலத்தில் ஏறியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெண்ணையாறா?" என்றார். வண்டி ஓட்டிய தம்பி, நான் கேட்காமலே பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, அம்மா பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டார். மே மாத ஆறு, மணல்தான் அதிகம். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். ராகு காலத்துக்கு முன்னால் பால் காய்ச்ச வேண்டும் என்று எனக்குப் பதற்றம். "பாட்டி பாக்கட்டும்க்கா, போயிரலாம்" என்றீர்களே தம்பி, உங்களுக்கு வாடகைக்கு மேல் எதுவும் கொடுக்க அன்று என்னிடம் இல்லை. சொன்னபடி நேரத்துக்குக் கொண்டுவந்தும் சேர்த்துவிட்டீர்கள். அந்தக் குறுகலான மாடிப்படியில் பீரோவை ஒரு கீறல் இல்லாமல் ஏற்றிய லோடுமேன் அண்ணன்கள் மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வாசலில் அத்தை கோலம் போட்டு வைத்திருந்தார். உள்ளே ஒரு குடம் தண்ணீர், உப்பு, மஞ்சள், அடுப்பின்மேல் துலக்கிய பாத்திரம். பால் பாக்கெட்கூட வாங்கி வைத்திருந்தார். நான் தீக்குச்சி கிழித்தது மட்டும்தான்.

மூன்றாம் நாள் மீன்கார அம்மா வந்தார். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. பைபர் படகில் கரைப்பக்கம் பிடித்து வருவதுதான் கிடைக்கும். கூடையில் நெத்திலி ஒரு பங்கு. "உங்கம்மாவுக்கு இதுதான புடிக்கும்" என்று அப்படியே முறத்தில் கொட்டினார். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்பதை எங்களைத் தவிர இன்னொருவர் நினைவில் வைத்திருந்தது எனக்குத் தொண்டையை அடைத்தது.

பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு டி.சி. வரத் தாமதமானபோது "பொண்ணு முதல்ல வகுப்புல உக்காரட்டும்" என்ற தலைமை ஆசிரியர், ரேஷன் கார்டு முகவரியை மாற்ற இ-சேவை மையத்தில் என் தேதிகளையெல்லாம் பொறுமையாகத் திருத்திக் கொடுத்த பெண், கேஸ் சிலிண்டர் வரும்வரை தன் வீட்டு இரண்டாவது சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்த எதிர்வீட்டுத் தம்பி, எல்லோருக்கும் நன்றி.

இனி பழைய பாக்கி. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது.

2004 டிசம்பர் 26, சுனாமி. நான் திருப்பூரில். தொலைக்காட்சியில் தேவனாம்பட்டினம் என்று பெயர் ஓடுகிறது. பெரியார் கலைக் கல்லூரியில் படித்த நாட்களில் மதியம் வகுப்பு முடிந்ததும் நாங்கள் நடந்து போய் உட்காரும் கரை அது. அப்பா அம்மாவுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவே இல்லை. என் கல்லூரித் தோழி, தன் வீட்டிலேயே அத்தனை கலவரம் இருந்தும், சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போய் இருவரையும் பார்த்துவிட்டு, ராத்திரி ஒரு பூத்தில் வரிசையில் நின்று எனக்குப் பேசினாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கடி." அவள் பேசியது அந்த ஒரு வரிதான். அதற்கு இதுவரை முறையாக நன்றி சொல்லவில்லை.

அப்புறம் தானே புயல். நாங்கள் இரண்டாம் முறை திரும்பி வந்து ஆறே மாதம். 2011 டிசம்பர் 29 இரவு ஆரம்பித்த காற்று 30ஆம் தேதி காலை கரையைக் கடக்கும்போது ஊரையே பிடித்து உலுக்கியது. ஓட்டு வீடுகளின் ஓடு பறந்து சுவரில் மோதும் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. விடிந்து கதவைத் திறந்தால் தெருமுனை வேப்பமரம் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு குறுக்கே கிடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்துவிட்டன என்று பின்னால்தான் தெரிந்தது. கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாது. மேல்தொட்டி காலி. அப்பா அப்போது படுத்த படுக்கை. துணி துவைக்க, உடம்பு துடைக்க, எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும்.

தெருவிலேயே அத்தை வீட்டுக் கொல்லையில் மட்டும்தான் அடிபம்பு இருந்தது. காலை ஐந்து மணிக்கே குடங்கள் வரிசைகட்டிவிடும். முதல் நாளே அத்தை ஒரு சட்டம் போட்டார்: படுக்கையில் ஆள் இருக்கிற வீட்டுக்கு முதல் நாலு குடம். யாரும் முணுமுணுக்கவில்லை. வரிசையில் நின்ற பையன்கள்தான் அந்த நாலு குடத்தையும் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரம் ஆனது. அத்தனை நாளும் அப்பாவுக்குத் தண்ணீர் குறையவில்லை. இப்போது ஆளுக்கொரு வேலையில் இருக்கும் அந்தப் பையன்களுக்கு, நடந்தது நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு நினைவிருக்கிறது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, பண்டிகைக்குக்கூட ஊருக்குப் போகாமல் கம்பம் நட்ட மின்வாரிய ஊழியர்களுக்கும் இந்த வரி போய்ச் சேரட்டும்.

போன மாதம் அத்தை ஒரு பலாப்பழம் வாங்கி எண்ணெய் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தார். தானேவுக்கு அப்புறம் வைத்த கன்றில் காய்த்தது என்று தள்ளுவண்டிக்காரர் சொன்னாராம். சுளையை வாயில் போட்டுக்கொண்டு என்னால் பேச முடியவில்லை.

அம்மி பற்றி எழுதத்தான் இந்த மடலைத் தொடங்கினேன்.

அது அம்மாவின் கல்யாணச் சீர். கருங்கல், மூன்று பேர் இல்லாமல் நகராது. தர்மபுரி போகும்போது லாரியில் ஏற்ற முயன்று, கை நழுவி இடது மூலை கொஞ்சம் உடைந்துபோனது. பிறகு மனசு வராமல் அத்தை கொல்லையில் வைத்துவிட்டுப் போனோம். 1995ல் திருப்பிக் கொடுத்தார். 2014ல் சென்னை வீடு இரண்டாவது மாடி, அம்மி கூடாது என்றார்கள். மறுபடி அத்தை கொல்லை, அடிபம்புக்குப் பக்கத்தில், முருங்கை நிழலில். பதினோரு வருஷம்.

ஒருவர் பொருளைப் பத்திரமாக மூலையில் வைத்திருந்தாலே பெரிது. அத்தை அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. "அரைக்காம போட்டா கல்லு செத்துரும்" என்று வாரம் ஒரு முறையாவது அதில் துவையல் அரைத்திருக்கிறார். வழவழப்பானதும் கொத்துகிறவரை எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் கொத்தி வாங்கியிருக்கிறார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறார். குழவியைத் தன் பழைய வாயில் புடவையில் சுற்றி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். போன வெள்ளிக்கிழமை அவர் பேரனும் எதிர்வீட்டுத் தம்பியும் என் கணவரும் சைக்கிள் டயரைக் கீழே போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொண்டுவந்து எங்கள் பின்கட்டில் இறக்கினார்கள். புதிதாகக் கொத்திய புள்ளிகள் வரிசையாக வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இன்று என்ன கிழமை என்று அவருக்குத் தெரியாது. சில நாள் என்னையே யாரென்று கேட்கிறார். ஆனால் கை நேராக இடது மூலைக்குப் போனது. உடைந்த இடத்தை விரலால் தடவினார். அங்கேயே விரலை வைத்துக்கொண்டு சிரித்தார்.

கல்லோடு கட்டிக் கடலில் விட்ட அப்பரை அந்தக் கல்லே தெப்பமாகக் கொண்டுவந்து சேர்த்த ஊர் என்று இந்த ஊரைப் பற்றிச் சின்ன வயதில் எனக்குக் கதை சொன்னவர் அம்மாதான். கரையேறவிட்டகுப்பம் என்று இங்கே பெயரே இருக்கிறது. அது நினைவுக்கு வந்ததோ என்னவோ, "கல்லே மிதந்து வந்த ஊருடி" என்றார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொளகா எடுத்தா, அரைச்சுப் பாப்போம்" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆட்டோ அண்ணன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். தடைக்காலம் முடிந்துவிட்டது, மீன்கார அம்மா சங்கரா தருவதாகச் சொல்லியிருக்கிறார். மசாலா இந்த அம்மியில்தான் அரைக்கப்போகிறோம்.

என்றும் நன்றியுடன்,
பின்கட்டில் முருங்கை வைத்திருக்கும் புது வீட்டிலிருந்து