வீட்டில் கட்டும் படகு: பலகையும் பசையும் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளைவுட்டில் சிறு படகு ஒன்றை வீட்டு முற்றத்திலேயே கட்டலாம் என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தோம். ஆசை நல்ல ஆசைதான். ஏரா (அடிக்கட்டை) வைத்து, வங்கு (விலாச்சட்டம்) பூட்டி, பலகை அறைந்து, கலப்பத்து அடித்து (இடுக்குகளில் நார் திணித்து) நாட்டு வள்ளம் கட்டுவது பல வருடம் பழகிய கைக்கு மட்டுமே வரும் வேலை. பிளைவுட் துண்டுகளைக் கம்பியால் தைத்து ஒட்டும் முறைக்கு அவ்வளவு கைப்பழக்கம் வேண்டாம். ஆனால் கட்டுரையில் இருந்த இரண்டு வரிகளை அப்படியே நம்பி யாரும் கடையேறிவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறோம். ஒன்று, 'ஏதாவது நல்ல பிளைவுட்' போதும் என்பது. மற்றொன்று, ஃபைபர் வள்ளத்துக்கு அடிக்கும் ரெசினையே (இறுகும் பசைத் திரவம்) இதற்கும் அடிக்கலாம் என்பது.

இந்த முறை பத்திரிகைக்குப் புதிதல்ல. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'டெய்லி மிரர்' நாளிதழ் தன் பெயரிலேயே ஒரு படகை வாசகர்களிடம் கொண்டு போனது. ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் இருவரும் வடிவமைத்த அந்த 'மிரர்' படகு பதினோரு அடிக்குச் சற்றே குறைவு. பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி நாடா (கண்ணாடி நூலால் நெய்தது) ஒட்டுவதுதான் வேலை. இதுவரை 70,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். தைத்த படகு நம் கரைக்கும் அந்நியமில்லை. சோழமண்டலக் கரையில் அலை உடையும் இடங்களில் ஓடிய மசூலாப் படகு கயிற்றால் தைத்ததுதானே.

முதலில் பலகை. கடையில் 'வாட்டர் புரூஃப்' என்று சொல்லித் தருவது பெரும்பாலும் ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 303 வகை. அது சமையலறை அலமாரிக்கு. படகுக்கு வேண்டியது ஐ.எஸ். 710. பலகையில் 'மரைன்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் மேல் 710 என்ற எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் மூன்றும் இருக்க வேண்டும். உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அது யாருடையது, எந்தப் பொருளுக்கு என்பது தெரிந்துவிடும்.

அதோடு நிறுத்தாமல் ஆறு அங்குலத் துண்டு ஒன்றை வெட்டி வாங்கி எட்டு மணி நேரம் கொதிக்க வையுங்கள். வெயிலில் காய வைத்து மறுபடி கொதிக்க வையுங்கள். 710க்கான தரச் சோதனையே 72 மணி நேரக் கொதிநீர்தான், எனவே இது ஒன்றும் கொடுமை இல்லை. அடுக்கு பிரிந்தால் அந்தக் கடைப் பலகை வேண்டாம். வெட்டிய விளிம்பையும் உற்றுப் பாருங்கள். நடு அடுக்கில் பென்சில் முனை நுழையும் அளவுக்குப் பொந்து தெரிந்தால் பலகைக்குள்ளும் அப்படித்தான் இருக்கும். பலகை வளையும்போது அந்த இடத்தில்தான் முறியும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் பொந்து உள்ள இடத்தில் சத்தம் மாறும்.

பன்னிரண்டு அடி நீளம், அடியில் மூன்று அடி அகலம், பக்கம் 16 அங்குல உயரம் கொண்ட தட்டையடிப் படகு ஒன்றுக்கு 8க்கு 4 அளவில் 6 மி.மீ. பலகை நான்கும் 9 மி.மீ. பலகை இரண்டும் வேண்டும். 9 மி.மீ. அடித்தட்டுக்கும் பின்பலகைக்கும், மற்றதெல்லாம் 6. கட்டி முடித்தால் சுமார் 60 கிலோ வரும். நாலு பேர் தூக்கிவிடலாம். எட்டடிப் பலகையில் பன்னிரண்டு அடி வராது என்பதால் ஒட்டுப்போட வேண்டும். தடிமனைப் போல் எட்டு மடங்கு சரிவு இழைக்க வேண்டும், 6 மி.மீ.க்கு 48 மி.மீ. இரண்டு சரிவையும் எப்பாக்ஸி (ரெசினும் அதை இறுக்கும் ஹார்டனரும் கலந்த பசை) தடவி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அடியிலும் மேலும் பாலிதீன் தாள் போட்டு, பாரம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டு முட்டுக்கு முட்டு வைத்து மேலே பட்டை ஒட்டினால் பக்கப்பலகை வளையும்போது அந்த இடம் மட்டும் வளையாமல் நிற்கும். படகின் வயிற்றில் ஒரு கோணல் கடைசிவரை தெரியும்.

இரண்டு பக்கப்பலகைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டில் வெட்டுங்கள். தனித்தனியாக வெட்டினால் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும். விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக 2 மி.மீ. துளை போட்டு, அணியத்தில் (படகின் முன்முனையில்) முதலில் தையுங்கள். நடுச்சட்டத்தை வைத்து, பின்பக்கத்தைக் கயிறு போட்டு முறுக்கி உள்ளே இழுத்துப் பின்பலகையில் சேருங்கள். இந்த இடத்தில் ஒரு மணி நேரம் செலவழிப்பது வீணில்லை. அணியத்தருகே ஒரு நேர்க்குச்சி, பின்பலகை மேல் ஒரு நேர்க்குச்சி குறுக்கே வைத்து, பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் படிய வேண்டும். அணிய முனையிலிருந்து பின்பலகையின் இரு மூலைக்கும் நூல் பிடித்து அளந்தால் சமமாக வர வேண்டும். அடித்தட்டை ஒட்டிய பிறகு முறுக்கை எடுக்க எந்தத் தச்சராலும் முடியாது.

இனி பசை. நம் கரையில் சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளம் பெருகியதால் பாலியெஸ்டர் ரெசினும் நூல்வெட்டுப் பாயும் (துண்டு துண்டான கண்ணாடி நூல்களை ஒட்டிய விரிப்பு) எங்கும் கிடைக்கின்றன. அதில் கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வள்ளம் அச்சில் வார்த்தது. அதில் ரெசின் ரெசினோடு ஒட்டுகிறது, மரத்தோடு அல்ல. பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும். மரத்தின் மேல் பிடிப்பும் குறைவு. உப்புத்தண்ணீரும் வெயிலும் மாறி மாறிப் பட்டுப் பலகை ஊதிச் சுருங்கும்போது மேல் ஃபைபர் ஆட்டுத்தோல் உரிப்பது போல ஒரே வீச்சில் கழன்று வரும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே பலகை உளுத்திருக்கும்.

மரத்துக்கு எப்பாக்ஸிதான். இந்தப் படகுக்கு ரெசினும் ஹார்டனரும் சேர்த்து 10 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நூல்வெட்டுப் பாயைச் சேர்க்காதீர்கள். அந்தப் பாயின் நூல்களைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் கரையாது, வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். நெய்த கண்ணாடித் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் கனத்தில், அடித்தட்டின் வெளிப்புறத்துக்கும் விளிம்புகளுக்கும் போதும். மூட்டுகளுக்கு மூன்று அங்குல நாடா 30 மீட்டர்.

ஃபைபர் வேலை செய்தவர் எப்பாக்ஸியைத் தொடும்போது செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான். பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட் (இறுகவைக்கும் திரவம்) கூடினால் சீக்கிரம் இறுகும், குறைந்தால் தாமதமாகும், கண்ணளவில் ஊற்றிப் பழகிய கை. எப்பாக்ஸியில் ஹார்டனர் கூடினாலும் குறைந்தாலும் இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும். அதைச் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. டின்னில் போட்டிருக்கும் விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்று படியுங்கள். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகைக்கு 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஹார்டனர் என்பது எடைக்கணக்கு. ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு இல்லாமல் டின்னைத் திறக்காதீர்கள். ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் கலக்கவும் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் குவளையோடு வைத்தால் தானே சூடேறிப் புகையும். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பினால் வேலை செய்ய நேரம் கிடைக்கும். ஃபைபர் வேலைக்காரர் வீட்டில் பாலியெஸ்டரும் இருக்கும் என்பதால் ஒரு எச்சரிக்கை: கோபால்ட்டையும் (பாலியெஸ்டரை வேகமாக இறுக்கச் சேர்ப்பது) கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும்.

கம்பித் தையலுக்கு இடையிடையே கெட்டியாக்கிய எப்பாக்ஸியைப் பொட்டு வைத்து, மறுநாள் கம்பியை உருவி, பிறகு மூட்டு முழுதும் நிரப்புங்கள். கெட்டியாக்க, மெல்லிய துணியில் சலித்த மரத்தூள் போதும், கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதத்தில். மூட்டின் உள்மூலையை வளைவாக இழுத்து, அது முழுதும் இறுகுமுன் மேலே நாடாவைப் படிய வைத்துவிட்டால் உரசும் வேலை பாதி மிச்சம்.

பலகைக்கு முதல் பூச்சை வெயில் இறங்கும் நேரத்தில் அடியுங்கள். காலையில் அடித்தால் சூடு ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து கொப்புளமாகப் புறப்படும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் மேற்பரப்பில் மெழுகுபோல் ஒரு படலம் படியலாம். கடற்கரை ஈரக்காற்றில் அது அதிகம். தண்ணீரும் தேய்க்கும் நாரும் போட்டுக் கழுவிக் காயவிட்ட பிறகே அடுத்த பூச்சு. வாடை விழுந்த மாதங்களில் இந்த வேலையே வேண்டாம். மாசி, பங்குனி நல்ல காலம். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுகளெல்லாம் கரையேறும், தச்சரும் பெயின்டரும் கைக்குக் கிடைக்கமாட்டார்கள்.

பெரியவர்கள் சிலர் மீன் எண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ முதலில் ஒரு கை பூசச் சொல்வார்கள். நாட்டு மர வள்ளத்துக்கு அது சரியான வைத்தியம். பிளைவுட்டில் எண்ணெய் பட்டால் எப்பாக்ஸி ஒட்டாது. விளிம்புக்கு வைக்கும் தேக்குச் சட்டத்தைக்கூட அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஆனால் கையில் பட்ட எப்பாக்ஸியை அசிட்டோனால் கழுவாதீர்கள், அது தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். கையுறைதான் வழி.

படகு உளுக்கத் தொடங்கும் இடம் பெரும்பாலும் திருகாணித் துளை. 5 மி.மீ. திருகாணிக்கு 8 மி.மீ. துளை போட்டு, எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் மறுபடி துளையுங்கள். ஆணி துருவேறாத எஃகாக இருக்கட்டும், 316 கிடைத்தால் நல்லது. வெயிலில் எப்பாக்ஸி மட்டும் நிற்காது, மேலே பெயின்ட் கட்டாயம். வெளிர் நிறமே போடுங்கள்.

கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாத விஷயம் மிதவை அறை. இரு பக்கமும் நீளவாட்டில் ஐந்தடி நீளம், பத்து அங்குல அகலம், பத்து அங்குல உயரத்தில் மூடிய பெட்டிகளையே இருக்கைகளாக வைத்தால் ஒவ்வொன்றும் சுமார் 95 லிட்டர். தண்ணீர் நிறைந்தாலும் இரண்டு பேரும் சிறு மோட்டாரும் இருக்கப் படகு மட்டமாக மிதக்கும், இறைத்துவிடலாம். அணியத்தில் மட்டும் அறை வைத்தால் பின்பக்கம் மூழ்கி அணியம் வானத்தைப் பார்க்கும். அறைக்குள் தெர்மாகோல் திணிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பெட்ரோல் பட்டாலும் பாலியெஸ்டர் பட்டாலும் அது கரைந்து போகும். இறுக மூடிய காலித் தண்ணீர் பாட்டில்கள் அதைவிட மேல். கண்டிப்பாக ஒரு வடிகால் அடைப்பானும் வேண்டும்.

இந்த அளவுப் படகு ஒரு செ.மீ. அமிழச் சுமார் 22 கிலோ வேண்டும். படகும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 200 கிலோ என்றால் 9 செ.மீ. அமிழும். தண்ணீருக்கு மேல் ஒரு அடி மிஞ்சும். அந்த ஒரு அடியை நம்பிப் போகக்கூடிய கடல் எது என்பதுதான் கேள்வி. ஆனி, ஆடியில் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) கரையோரம் குளம் மாதிரித் தெரியும். புதிதாகப் படகு கட்டியவர் தங்கச்சிமடம் பக்கம் வடகடலில் இறக்க ஆசைப்படுவதும் அப்போதுதான். ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. மோட்டார் நின்றால் படகு வடகிழக்கே போகும், இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு இருப்பதும் அந்தப் பக்கம்தான். காலையில், காற்று எழுமுன், இடுப்பளவு ஆழத்தில் துடுப்போடு பழகுவதே இந்தப் படகுக்கு ஏற்றது. மோட்டார் வைத்தால் 2 எச்.பி.க்கு மேல் வேண்டாம், பின்பலகை இரண்டு 9 மி.மீ. பலகை ஒட்டி 18 மி.மீ. ஆக இருக்கட்டும். வள்ளத்து டீசல் எஞ்சினை இதில் பூட்டிப் பார்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

முதல் இறக்கத்தில் ஆளுக்குப் பதில் மணல் மூட்டைகளை வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே நீர் நிரப்பி, எப்படி மிதக்கிறது என்று பாருங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதி இல்லாமல் கால் வைப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தப் படகில் வலை ஏற்றினால் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு கேட்பார்கள். கட்டத் தொடங்குமுன்பே மீன்வளத் துறை அலுவலகத்திலும் கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்திலும் சொல்லி வைப்பது பின்னால் வரும் அலைச்சலைக் குறைக்கும். அடுத்து இப்படி ஒரு கட்டுரை வெளியிடும்போது பலகையின் தர எண்ணையும் மிதவை அறையின் அளவையும் படத்தோடு சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படகு வேலை அறிந்த வாசகர்கள் சிலர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.