மூன்றாம் வகுப்பும் வீட்டுப்பாடமும்

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. மாற்றலாகி ஊர்ப்பக்கமே வந்துவிட்டாய், இனி அம்மாவைப் பார்க்க பஸ் பிடிக்க வேண்டியதில்லை. இங்கே எல்லாரும் நலம். மூன்றாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் எப்படிக் கொடுப்பது, எப்படித் திருத்துவது என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

‘வீட்டுப்பாடமே கொடுக்கிறதில்லையா மிஸ்?’ என்று பெற்றோர் வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள் என்றாயே, கேட்கத்தான் செய்வார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொல்லியாயிற்று. மத்திய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கையும் அதையே சொல்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். ஐந்து நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 24 நிமிடம், அதுவும் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. பெற்றோரிடம் இந்தக் கணக்கையே சொல்லு, பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

அன்று நடத்தியதை அன்றே வீட்டுக்கு அனுப்பாதே. அரைகுறையாகப் புரிந்த பிள்ளை தப்பையே நான்கு முறை போட்டுப் பழகிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் டியூஷன் அக்கா போட்டுக் கொடுப்பாள். வகுப்பில் உன் கண் முன்னால் ஒருமுறை தனியாகப் போட்டுக் காட்டியதைத்தான் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். நான்கு கணக்கு போதும்: கடன் வாங்காத கழித்தல் இரண்டு, கடன் வாங்குவது ஒன்று, நடுவில் பூஜ்ஜியம் வருவது ஒன்று.

அந்தக் கடைசிக் கணக்கில்தான் எல்லாம் தெரியும். 403-இல் 178 போக 225. ஒரு பிள்ளை 375 என்று எழுதியிருந்தால், மேலே கீழே பார்க்காமல் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 325 என்றால், பூஜ்ஜியத்தை 9 ஆக்கத் தெரிந்திருக்கிறது, ஆனால் நூறிலிருந்து கடன் வாங்கியது மறந்துபோய் 4 அப்படியே நிற்கிறது. 235 என்றால் நூறைக் குறைத்தாயிற்று. பத்துகள் இடம் ஒன்றுகள் இடத்துக்குக் கொடுத்த பிறகும் 10-ஆகவே இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி போட்டு 0 கொடுத்தால் மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றும் விளங்காது. முதல் பிள்ளையைக் குச்சிக் கட்டுகளோடு உட்கார வை. மற்ற இரண்டுக்கும் எண்ணின் தலையில் வெட்டி எழுதும் பழக்கம் வந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

‘பள்ளிக்கூடம்’ என்பதைப் பத்து தடவை எழுதிக்கொண்டு வா என்று மட்டும் சொல்லிவிடாதே. முதலில் ‘ப’வை மேலிருந்து கீழாகப் பத்து, பிறகு ‘ள்’ பத்து என்று தூண் தூணாக இறக்குவார்கள். சொல்லை ஒருமுறைகூட முழுசாக எழுதியிருக்க மாட்டார்கள். அதற்குப் பதில் அந்தச் சொல் வருகிற மாதிரி இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லு. வாசிப்பதாக இருந்தால் ஒரு பத்தியைப் பாட்டிக்கோ யாருக்கோ சத்தமாக வாசித்துக் காட்டட்டும். கேட்பவருக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றில்லை.

38 நோட்டு, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றாலே 76 நிமிடம் ஆகிறது. உனக்கிருப்பது 40 நிமிடப் பாடவேளை. எல்லா நோட்டிலும் ஒப்பேற்றி ‘டிக்’ அடிப்பது ஆய்வுக்கு வருகிறவருக்காகத்தான், பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விடையைப் பலகையில் எழுதிப் போட்டு அவர்களையே பென்சிலால் சரிபார்க்க விடு. நீ ஒரு நாளைக்கு எட்டு நோட்டை மட்டும் ஆழமாகப் பார், வாரத்தில் எல்லாரும் வந்துவிடுவார்கள். சொல்வதை எழுதுதலில் ஒரே நாளில் ல, ள, ழ, கொம்பு, சுழி எல்லாவற்றையும் வட்டம் போடாதே. இந்த வாரம் ர, ற மட்டும் என்றால் அதை மட்டும் பார். மற்றவை கண்ணை உறுத்தத்தான் செய்யும், பொறுத்துக்கொள்.

வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லித் தலைமையாசிரியர் நெருக்குகிறார் என்றாயே. நான் போடமாட்டேன். 8, 9, 8 வாங்கிய பிள்ளை ஒரு நாள் நோட்டை மறந்து 0 வாங்கினால் சராசரி 6.25-க்கு இறங்கிவிடும். அந்த எண் கணக்கு தெரியுமா என்பதைச் சொல்லவில்லை, நோட்டு மறந்ததைத்தான் சொல்கிறது. பதிவேட்டில் ‘தானே’, ‘உதவியோடு’, ‘இன்னும் இல்லை’ என்று மூன்று குறி போதும்.

ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறை 2012-இல் வந்தபோது, வகுப்பில் அவ்வப்போது பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறிக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தது நல்ல யோசனைதான். பல இடங்களில் அந்த 40-ஐக் கடைசி நாளில் உட்கார்ந்து எல்லாருக்கும் 36, 38 என்று நிரப்பியதால்தான் அது வீணாயிற்று. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் குழுக்கள் எனக்குப் பிடித்திருக்கிறது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று அதில் தெரிகிறது. ஆனால் பிள்ளைகளே ஒருவரை ஒருவர் ‘அரும்பு’ என்று கூப்பிட ஆரம்பித்தால் குழுவைக் கலைத்து மாற்று. தமிழில் மலராக இருப்பது கணக்கில் அரும்பாக இருக்கலாம், பாடத்துக்குப் பாடம் இடம் மாறி உட்காரட்டும்.

திங்கட்கிழமை அந்த 403 கணக்கைக் கொடுத்துப் பார். 375 எத்தனை, 325 எத்தனை, 235 எத்தனை என்று எண்ணி எழுது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரக் கணக்குகளைச் சேர்ந்தே யோசிப்போம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தி