பாராமகால் ஆவணங்களைப் படிக்க நம் மாணவர்களுக்கு ஓர் உதவித்தொகை வேண்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், இரு மாவட்டங்களின் நூலக ஆணைக்குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஆவணக் காப்பகம், நூலகம், மக்கள் வரலாறு ஆகிய துறைகளில் பயில விரும்பும் நம் இரு மாவட்ட மாணவர்களுக்கென மாத உதவித்தொகை ஒன்றை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும் என்று, தருமபுரியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது நம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரியான அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோவும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இங்கே நிலத்தை அளந்து, பயிரையும் கிணற்றையும் ஏரியையும் கணக்கெடுத்து எழுதினார்கள். உழவரிடமே நேரடியாக நிலவரி பெறும், பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆனால் அந்தக் கணக்குகளைக் காண வேண்டுமானால் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். 1965 வரை தருமபுரியும், பின்னர் 2004இல் அதிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்த கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தமையால், பிற்காலக் கோப்புகளைத் தேடுபவர் சேலத்தையும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாலக்கோட்டிலோ தேன்கனிக்கோட்டையிலோ கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்த ஒரு மாணவி, தன் ஊரைப் பற்றி இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதைப் படிப்பதற்காகச் சென்னையில் ஒரு மாதம் தங்குவதென்றால், விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நகல் எடுக்கும் செலவுக்கும் யாரிடம் கையேந்துவாள்? நம் ஊர்களின் வரலாற்றை இதுவரை பெரும்பாலும் வெளியூர்க்காரர்களே எழுதியிருக்கிறார்கள் என்றால், நம் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லாததை அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

எழும்பூரில் இருப்பவை ஒரு பங்குதான். 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது அலுவலகப் பதிவேடுகள் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே இருந்த பழைய ஓலைகளும் தாள்களும் பல குடும்பங்களில் அப்படியே தங்கிவிட்டன. பாலக்கோடு வட்டத்தில் முன்னாள் கணக்கப்பிள்ளை வீடொன்றின் பரணிலிருந்து ஒரு மூட்டையை என் மாணவர் ஒருவர் இறக்கினார். காவித் துணியில் சுற்றி, சணல் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்கள். மேலே கிடந்த ஓலைகள் விரல் பட்டதும் பொடிந்தன. அடுத்திருந்த தாள்களின் ஓரங்களைக் கரையான் தின்றிருந்தது. நடுவே இருந்த கட்டு மட்டும் முழுதாகத் தப்பியிருந்தது. எந்தக் குழிக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர், யார் முறை எந்த நாழிகையில் என்று வரிவரியாக எழுதிய ஏரிப் பாசனக் கணக்கு அது. பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் இருந்தது. வீட்டுக்காரரான அம்மையார் அதைக் கொடுக்க மனமில்லாமலும், வைத்துக் காப்பாற்ற வழி தெரியாமலும் தவித்தார். "நீயே வந்து படிச்சு எழுதிக்கோப்பா, வீட்டைவிட்டு மட்டும் எடுத்துட்டுப் போயிடாதே" என்றார். அவர் சொன்னதே சரியான நெறி என்று நான் கருதுகிறேன். மூலம் உரியவரிடமே இருக்க, நகல் பொதுவுக்கு வர வேண்டும்.

அந்த மாணவர் முதுகலை முடித்ததும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். குடும்பத்துக்கு அவர் சம்பளம் தேவைப்பட்டது. அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பட்டம் முடியும் வரை புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழியே மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறி முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் நாம் நல்ல மாணவர்களை இழந்துகொண்டிருக்கிறோம். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நான் முதல்வன் திட்டத்தில் மாதம் 7,500 ரூபாய் தருகிறது தமிழ்நாடு அரசு. வீட்டுக் கவலையில்லாமல் உட்கார்ந்து படிக்கக் கையில் மாதப் பணம் வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டபின், அதே நியாயத்தை ஆவணம் படிப்பவருக்கும் நீட்டித் தரும்படிதான் கேட்கிறேன்.

ஆண்டுக்கு ஆறு பேர், ஆளுக்கு மாதம் 12,000 ரூபாய் என்றால் மொத்தம் 8,64,000 ரூபாய் ஆகும். முதல் நான்கு மாதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையிலும் அவர்கள் பயிற்சி பெறட்டும். எஞ்சிய எட்டு மாதங்கள் நம் வட்டங்களிலேயே, வீடுகளிலும் கோயில்களிலும் பள்ளிகளிலும் கிடப்பவற்றைப் பட்டியலிட்டு, படமெடுத்து, நகலை மாவட்ட மைய நூலகத்தில் சேர்க்கட்டும். பணம் மாதத் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிட வேண்டும். முதலில் செலவழித்துவிட்டு ரசீது கொடுத்துப் பின்னர் பெற்றுக்கொள் என்ற நடைமுறை, கையில் காசில்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

தேர்வு முறையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுக்க வேண்டாம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து வளர்ந்த பிள்ளைகள் ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் ஏராளமாக இருக்கிறார்கள். நம் பழைய கணக்குகளைப் படிக்க இவர்களைவிடப் பொருத்தமானவர்களை வேறெங்கே தேடுவது? நூலக அறிவியல் படித்துவிட்டு, திருமணத்துக்குப் பின் வேலைக்குப் போக இயலாமல் வீட்டிலிருக்கும் பெண்களும் விண்ணப்பிக்க ஏதுவாக வயது வரம்பைத் தளர்த்துங்கள்.

தாளில் இல்லாத வரலாற்றுக்கும் இந்த ஆறு பேரில் இருவரையாவது ஒதுக்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்களின் ஊரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து மக்களைத் தாக்கிப் பெண்களை வன்கொடுமை செய்த கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது அத்தீர்ப்பு. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சாட்சிக் கூண்டில் ஏறி நின்று அந்த மலைவாழ் பெண்கள் சொன்னவை தமிழ்நாட்டு வரலாற்றின் தலையாய ஆவணங்களுள் அடங்கும். அவர்களுடைய முழு இசைவோடும், பெயர் வெளிப்படாமல் காக்கும் ஒழுங்கோடும், அவர்கள் இன்று சொல்ல விரும்புவதைப் பதிவுசெய்ய முறையாகப் பயின்றவர்கள் வேண்டும். கேட்கத் தெரியாதவர் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் நின்றால் அது அவர்களுக்கு இன்னொரு துன்பமாகவே முடியும்.

நிதியைப் பொறுத்தவரை, சொத்து வரியோடு சேர்த்து மக்களிடம் பெறப்படும் நூலக வரி ஏற்கெனவே இருக்கிறது. உள்ளூர் ஆவணங்களைத் திரட்டுவதும் நூலகப் பணியே என்று ஆணைக்குழுக்கள் தீர்மானம் நிறைவேற்றி, பொது நூலக இயக்ககத்தின் ஒப்புதலைக் கேட்கலாம். அது தாமதமானால், ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து முதல் ஆண்டுத் தொகையைப் பெற்றுத் தர ஆட்சியர்களால் முடியும். தீர்மானம் ஏப்ரலுக்குள் வந்தால், ஜூன் மாதத்தில் ஒவ்வொரு கிளை நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் விண்ணப்ப அறிவிப்பை ஒட்டிவிடலாம். பயிற்சித் திட்டம் வகுக்கவும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கவும் எந்த ஊதியமும் இன்றி என் நேரத்தைத் தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தருமபுரி