ஆகஸ்ட் 16க்குச் சாபம் எதுவும் இல்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ‘இசையில் இன்று’ பக்கத்துக்கு ஆகஸ்ட் 16ஐ எடுத்துக்கொண்டீர்கள். ப்ளூஸ் கிதார்க்காரரும் பாடகருமான ராபர்ட் ஜான்சன், ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, சோல் இசைப் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளின் ஆகிய மூவரின் படங்களையும் வரிசையாக வைத்து, ‘இசையுலகின் சாபத் தேதி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் போட்டிருந்தீர்கள். மூவரும் அந்தத் தேதியில் இறந்தது உண்மைதான். ஜான்சன் 1938இல், எல்விஸ் 1977இல், அரேத்தா 2018இல். ஆனால் சாபம் என்ற சொல்லை அச்சேற்றுவதற்கு முன் வேறு சில தேதிகளையும் யாராவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

ஜூலை 3ஐப் பாருங்கள். 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பிரையன் ஜோன்ஸ் இறந்ததும், 1971இல் டோர்ஸ் குழுவின் பாடகர் ஜிம் மோரிசன் இறந்ததும் அன்றுதான். அந்த மோரிசன் பிறந்த தேதியான டிசம்பர் 8இல் பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1980இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே தேதியில் 2004இல் கிதார் கலைஞர் டைம்பேக் டாரெல் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். உலகில் இசைக்கலைஞர்கள் ஆயிரம் ஆயிரமாக இருக்கிறார்கள், தேதிகளோ 366தான். எந்தத் தேதியை உலுக்கினாலும் இரண்டு மூன்று பெரிய பெயர்கள் உதிரத்தான் செய்யும்.

சாபத்தைக்கூட மன்னித்துவிடலாம். அந்த மூவருக்கும் இடையே உண்மையாகவே ஓர் உறவு இருக்கிறது. அதைப் பற்றி அரை வரிகூட இல்லாததுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஜான்சனும் எல்விஸும் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர்கள். அரேத்தாவின் தந்தை, புகழ்பெற்ற போதகர் சி. எல். ஃபிராங்க்ளின், அவரும் மிசிசிப்பிக்காரர். மூன்று பேரின் பாதையும் பக்கத்து மாநிலமான டென்னசியின் மெம்ஃபிஸ் நகரைத் தொட்டுச் செல்கிறது. ஜான்சன் சிறுவனாக இருந்தபோது சில ஆண்டுகள் அங்கே வளர்ந்தார். அரேத்தா 1942இல் அங்கேதான் பிறந்தார். சில ஆண்டுகளிலேயே குடும்பம் வடக்கே போய் டெட்ராய்ட்டில் வேரூன்றியது. எல்விஸின் குடும்பம் மெம்ஃபிஸுக்கு வந்தது 1948இல். 1954இல் அவர் அங்கே பதிவு செய்த முதல் இசைத்தட்டில் இருந்தது ஆர்தர் குரூடப்பின் பாடல். குரூடப்பும் மிசிசிப்பியில் பிறந்த கறுப்பின ப்ளூஸ் பாடகர்தான். ஒரே மண்ணின் இசை எத்தனை பேர் வழியாக, யார் யாருக்குப் பணமும் புகழும் கொடுத்து, யார் யாரை வெறுங்கையோடு அனுப்பியது என்பதை இந்த மூன்று வாழ்க்கைகளை வைத்தே எழுதிவிடலாம். உங்களுக்கு இரண்டு பக்கக் கட்டுரை கையில் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு, நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று ஜான்சன் கிதார் கற்ற கதையைப் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொரு இழையும் இருக்கிறது. தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் 1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் கறுப்பின இசையின் வரலாற்றைச் சொல்லும் ஒரு கச்சேரியை ஏற்பாடு செய்தார். அதில் பாட ஜான்சனை அழைத்துவர முயன்றபோதுதான் அவர் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. ஹாமண்ட் என்ன செய்தார் தெரியுமா? ஜான்சனின் இரண்டு இசைத்தட்டுகளை மேடையிலேயே ஓடவிட்டு அரங்கைக் கேட்க வைத்தார். அதே ஹாமண்ட்தான் 1960இல் பதினெட்டு வயது அரேத்தாவைக் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் செய்தார். மறு ஆண்டே அந்த நிறுவனம் ஜான்சனின் பழைய பதிவுகளைத் தொகுத்து ஒரு நெடுந்தட்டாக வெளியிட்டது. இங்கிலாந்தின் இளம் கிதார்க்காரர்கள் ஜான்சனைக் கண்டுகொண்டது அதன் வழியாகத்தான்.

ஜான்சன் இறந்த தேதி நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். மிசிசிப்பியின் கிரீன்வுட் அருகே 27 வயதில் அவர் இறந்தபோது அதைச் செய்தியாக்க யாரும் இல்லை. 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் பதிவு செய்த 29 பாடல்கள்தான் அவர் விட்டுச் சென்ற மொத்தச் சொத்து. ஆய்வாளர் கேல் டீன் வார்ட்லோ 1968இல் இறப்புச் சான்றிதழைத் தேடிப் பிடித்த பிறகே ஆகஸ்ட் 16 என்ற தேதி உறுதியானது. இறப்பின் காரணத்தை எழுத வேண்டிய இடத்தில் ‘மருத்துவர் இல்லை’ என்று மட்டும் அதில் இருக்கிறது. விஷம் வைத்தார்கள் என்று நீங்கள் அடித்துச் சொல்லியிருப்பது இன்றுவரை முடிவாகாத விஷயம். அவருடைய கல்லறை இது என்று மூன்று இடங்களில் கல் நட்டிருக்கிறார்கள். 39 ஆண்டுகள் கழித்து அதே தேதியில் எல்விஸ் 42 வயதில் மெம்ஃபிஸ் வீட்டில் இறந்து கிடந்தபோது, அமெரிக்க ஜனாதிபதியே அறிக்கை விட்டார்.

இறப்பில்லாத ஆகஸ்ட் 16களை உங்கள் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் தள்ளியிருந்தீர்கள். 1962இல் அன்றைய தினம் லிவர்பூலில் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் தம் அலுவலகத்துக்கு பீட் பெஸ்ட்டை அழைத்து, இனி நீங்கள் பீட்டில்ஸில் இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டு ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்தவர் அவர். அன்றிரவே ஒரு கச்சேரி இருந்தது. வேறொரு குழுவின் ஜானி ஹட்சின்சனை அமர்த்திச் சமாளித்தார்கள். இரண்டு நாள் கழித்து ரிங்கோ ஸ்டார் வந்து உட்கார்ந்தார். லிவர்பூல் ரசிகர்கள் கொதித்துப் போனதில், குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் குத்து வாங்கிக் கண் வீங்கியது. ரிங்கோவும் லேசில் தப்பவில்லை: செப்டம்பர் 11 ஒலிப்பதிவில் அவரைத் தள்ளி வைத்து, ஆண்டி ஒயிட் என்ற கூலிக் கலைஞரை வாசிக்க வைத்தார்கள். ஒரு குழுவின் தலையெழுத்து மாறிய நாளுக்கு ‘டிரம்மர் நீக்கம்’ என்ற இரண்டு சொற்கள் போதும் என்று யார் முடிவு செய்தது?

1974இல் ரமோன்ஸ் என்ற பங்க் ராக் குழு நியூயார்க்கின் சிபிஜிபி என்ற இசை விடுதியில் முதன்முறையாக வாசித்ததும் ஆகஸ்ட் 16தான். இரண்டு நிமிடப் பாடல்கள். மொத்த நிகழ்ச்சியே இருபது நிமிடத்தைத் தாண்டாது. பங்க் இசைக்கு அந்த விடுதி எப்படித் தாய்வீடானது என்பதற்கு ஒரு பத்தி கொடுத்திருக்கலாம். பாப் பாடகி மடோனா 1958இல் அதே தேதியில் பிறந்தவர் என்பதைச் சாபக் கணக்கில் எங்கே சேர்த்தீர்கள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. அரேத்தா மறைந்த நாளில் மடோனாவுக்கு 60 நிறைந்தது. நான்கு நாள் கழித்து எம்டிவி இசை விருது விழா மேடையில் அரேத்தாவைப் பற்றிப் பேச வந்து தன் கதையையே பேசியதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார். சாபம் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தை நிறுத்திவிட வேண்டாம். வாராவாரம் முதலில் திறப்பது அதைத்தான். பத்துச் சம்பவங்களை அடுக்குவதற்குப் பதிலாக இரண்டை எடுத்து, முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். தேதியில் ஐயம் இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்

பி.கு.: 1969இல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவின் இரண்டாம் நாளில் ‘தி ஹூ’ என்ற ஆங்கில ராக் குழு வாசித்ததை ஆகஸ்ட் 16இல் சேர்த்திருக்கிறீர்கள். நிகழ்ச்சிகள் மணிக்கணக்கில் தள்ளிப்போய் அவர்கள் மேடையேறியபோது 17ஆம் தேதி விடிகாலை ஐந்து மணி ஆகிவிட்டது. 16ஆம் தேதிக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் சாண்டானா குழுவைப் போடுங்கள். முதல் ஆல்பம்கூட வெளிவராத நிலையில் அன்று பிற்பகல் வாசித்து அந்தக் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர்கள் அவர்கள்.