ரெண்டு பெட்ரூமா மூணு பெட்ரூமா: வசுவுக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள வசு,

அத்தை கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா, குட்டி காலேஜ் சேந்தாச்சா, உன் தைராய்டு என்ன சொல்லுது, எல்லாத்துக்கும் தனித்தனியா பதில் போடு. போன்ல பேசினா பாதி நேரம் சிரிச்சே போயிடும், மீதி நேரத்த ஆபீஸ் கதை சாப்பிட்டுடும். அதான் உக்காந்து டைப் பண்றேன். வீடு வாங்கறோம் டி. இப்போதைக்கு வாங்கறதப் பத்தி சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்னு வெச்சுக்கோ. திங்கக்கிழமைக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் குடுக்கணும், வீட்ல யாரும் யாரோடயும் முழுசா பேசறதில்ல, காபி வேணுமா வேணாமாங்கற அளவுலதான் ஓடுது.

கதை இதுதான். அவர் பாத்து வெச்சிருக்கறது மண்ணிவாக்கம் பக்கம், 14 மாடி டவர், மூணு பெட்ரூம், 1310 சதுர அடி, சதுர அடி 5800 ரூபாய். இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும் சாவி குடுக்க. நான் பாத்தது குரோம்பேட்டைல, ஸ்டேஷன்லேருந்து நடந்து போற தூரம், கீழ தூண் மட்டும் வெச்சு வண்டி நிறுத்தற ஸ்டில்ட், மேல மூணு மாடி, மொத்தமே ஆறு வீடு. ரெண்டு பெட்ரூம், 905 அடி, கட்டி முடிச்சு பெயிண்ட் வாசனையோட இருக்கு. அடி 9000ன்னு ஆரம்பிச்சு மொத்தமா 79 லட்சத்துக்கு இறங்கி வந்திருக்கார் பில்டர். அந்த மூணு பெட்ரூம் 76 லட்சம். ஆக மொத்தம் சின்ன வீடு பெரிய வீட்ட விட மூணு லட்சம் ஜாஸ்தி. இத வெச்சுக்கிட்டு எங்க வீட்டு ஆம்பளைங்கள்ட்ட பேசி ஜெயிக்கணும்னா எப்படி இருக்கும்னு நீயே நினைச்சுக்கோ. துபாய்லேருந்து கொழுந்தன் வேற தினம் வாட்ஸ்அப்ல, "அண்ணி, சதுர அடி கணக்கு போட்டீங்களா"ங்கறான்.

போட்டேன். நல்லாவே போட்டேன். சிவில் படிச்சவளுக்கு நான் யூடிஎஸ், அதான் அடி நிலத்துல நம்ம பங்கு, சொல்லித் தர்ற காலம் வந்துடுச்சு பாரு, ஆனா நீ ரோடு போடறவதானே, வீட்டுக் கணக்கு மறந்திருக்கும், கேளு. அந்த 1310ல கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள்ள நாம புழங்கற இடம், 890தான். மீதியெல்லாம் லாபி, லிஃப்ட், படிக்கட்டு, கிளப் ஹவுஸ், அப்புறம் நாங்க யாரும் இறங்கப் போறதே இல்லாத ஒரு நீச்சல் குளம். குரோம்பேட்டைல 905க்கு 665. அப்படிப் பாத்தாலும் மண்ணிவாக்கம் கார்பெட் அடி 8500 சொச்சம், குரோம்பேட்டை 11900 கிட்ட, அதுல ஒண்ணும் மறைக்கல. ஆனா நிலத்தப் பாரு. இங்க 2850 அடி மனை, ஆறு வீடு, ஆளுக்கு 475 அடி பிரிபடாத பங்கு. அங்க மாடி மேல மாடி ஏத்தினதால பெரிய வீட்டுக்கு 395தான் வருது. சின்ன வீட்டுக்கு நிலம் ஜாஸ்தி! முப்பது வருஷம் கழிச்சு சுவருக்கா விலை இருக்கப் போகுது? இத சொன்னதும் கொழுந்தன் ரெண்டு நாள் சைலண்ட். அப்புறம் ஒரு தம்ஸ் அப் மட்டும் வந்துது.

இன்னொண்ணு. கட்டிக்கிட்டு இருக்கற வீட்டுக்கு 5% ஜிஎஸ்டி, அதுவே 3.8 லட்சம். முடிச்சு கம்ப்ளீஷன் சர்ட்டிபிகேட் கைல இருக்கற வீட்டுக்கு அது கிடையாது. இப்போ ஒன்றரை வருஷ வாடகையையும், அந்த லோனுக்கு நடுவுல கட்டற வட்டியையும் சேத்துப் பாரு, மூணு லட்ச வித்தியாசம் எங்க போச்சுன்னே தெரியாது. மெயின்டனன்ஸ் அங்க அடிக்கு மூன்றரை ரூபாயாம், மாசம் 4500க்கு மேல, லிஃப்ட்டுக்கும் தண்ணி சுத்திகரிக்கிற பிளான்ட்டுக்கும் சேத்து. கொஞ்ச நாள்ல பில்டர் அத அசோசியேஷன் தலைல கட்டிட்டுப் போயிடுவான், அப்புறம் அந்த வாட்ஸ்அப் குரூப்புல நான் வேற சண்டை போடணும்.

ஆனா வசு, என் சண்டை பணத்தப் பத்தி இல்ல. "லொகேஷன் சூப்பர், லொகேஷன் சூப்பர்"ங்கறாங்களே, யாருக்கு சூப்பர்? அதான் என் கேள்வி. அவருக்கு ஒரகடத்துல கம்பெனி, வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டப் புடிச்சா நேரா போய் இறங்கிடலாம், அவருக்கு அது சொர்க்கம்தான், நான் இல்லேங்கல. நான் வேலைக்கு எழும்பூர் போகணும். மண்ணிவாக்கத்துலேருந்து ஷேர் ஆட்டோ புடிச்சு ஸ்டேஷனுக்கு வந்து, லோக்கல் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே வந்து, சாயங்காலம் அதே மாதிரி திரும்பி, ஏழரை மணிக்கு வீட்டுக்குள்ள நுழைஞ்சா அங்க "என்ன சமையல்"னு ஒரு குரல் கேக்கும் பாரு, அந்தக் குரலுக்கும் சேத்துதான் நான் லொகேஷன் பாக்கறேன். குரோம்பேட்டைலயும் சீட் கிடைக்காது, தாம்பரத்துலயே நிரம்பிதான் வரும், ஆனா நிக்கற நேரம் கம்மி, இறங்கினா நடந்து வீடு, வழியிலயே காய் வாங்கிடலாம். மாமியாருக்கு முட்டி வலி, டாக்டர் ரெண்டு தெரு தள்ளி. பொண்ணு இப்போ ப்ளஸ் ஒன், ட்யூஷன் முடிஞ்சு எட்டரைக்கு வருவா, தெருவுல லைட்டும் ஆளும் இருக்கு. அவரோட ஒரு ஆள் சவுகரியத்துக்கு நாங்க மூணு பேர் நடக்கணுமா, இல்ல எங்க மூணு பேருக்காக அவர் ஒருத்தர் கம்பெனி பஸ்ஸுல கூடுதலா ஒரு மணி நேரம் தூங்கிக்கிட்டு போகணுமா, நீயே சொல்லு.

அவர் சொல்றது என்னன்னா, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு 2023 கடைசில திறந்தாச்சு, அவுட்டர் ரிங் ரோடு இருக்கு, மெட்ரோ வரும், இனிமே சென்னையே அந்தப் பக்கம்தான். வரட்டும். ஆனா பஸ் ஸ்டாண்டு வந்தது பில்டருக்குத் தெரியாதா, அத விலையில ஏத்திட்டுத்தானே நமக்கு விக்கறான்? ஊருக்கு வருஷத்துல தீபாவளி பொங்கல்னு போறவங்களுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்தா என்ன, தூரத்துல இருந்தா என்ன.

அப்புறம் தண்ணி. 2015 டிசம்பர் வெள்ளத்துல மண்ணிவாக்கம் பக்கத்துல இருக்கற முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்துச்சுன்னு உனக்கு நான் சொல்ல வேணாம், படகுல ஆளுங்கள எடுத்தாங்க. அடையாறு ஆரம்பிக்கறதே அந்தச் சுத்துவட்டாரத்துலதான். சேல்ஸ் பையன் "மேடம், நம்ம சைட் மேடு"ங்கறான், சரின்னு வெளிய வந்து பக்கத்துத் தெரு இஸ்திரிக்கார அண்ணன்ட்ட கேட்டேன். "சைட்டு மேடுதாம்மா, நீங்க மெயின் ரோட்டுக்கு எப்படி வருவீங்க?"ன்னார். அவ்ளோதான். அந்தத் தெருல பழைய வீடுங்களப் பாத்தா வாசப்படியெல்லாம் அஞ்சாறு படி ஏத்திக் கட்டியிருக்காங்க, யாரும் ஆசைக்குப் படி கட்ட மாட்டாங்க. அதுக்காக குரோம்பேட்டை ரொம்ப யோக்கியம்னு இல்ல, பக்கத்துல சிட்லபாக்கம் ஏரி ரொம்பினா பல தெருவுல முழங்கால் தண்ணி. நான் பாத்த தெருவுல அந்த மாதிரி நிக்கலன்னு மூணு வீட்ல சொன்னாங்க. நாலாவது வீட்டுப் பாட்டி மட்டும் "ஒரு தடவ வந்துது"ன்னாங்க. பாட்டியத்தான் நம்பறேன். அதனால ரெண்டாவது மாடி.

இப்போ லேஅவுட்டுக்கு வரேன், இதுக்காகத்தான் உனக்கு எழுதறதே. அந்த டவர்ல மாடல் வீடு ஒண்ணு ஜோடிச்சு வெச்சிருக்காங்க. எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சுத்தி வந்தாங்க, நான் கைப்பைலேருந்து டேப்ப எடுத்தேன், அவர் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. கட்டில் நீளம் அஞ்சரை அடி டி! நம்ம வீட்டு ஆம்பள கால மடக்கித்தான் படுக்கணும். ரூமுக்கெல்லாம் கதவே மாட்டல, மாட்டினா பீரோவுல இடிக்கும், அதான். மூணாவது பெட்ரூம் எட்டரைக்கு ஒன்பதரை, அதுக்குப் பேரு பெட்ரூம். ஹால்லேருந்து பெட்ரூமுக்குப் போக ஒரு நடை, நாலடி அகலம், 17 அடி நீளம். அதுல ஒரு ஸ்டூல் கூடப் போட முடியாது, ஆனா கார்பெட் கணக்குல அந்த நடைக்கு மட்டும் நாம குடுக்கறது 5.8 லட்சம். ராத்திரி பாத்ரூம் போறதுக்கு ஆறு லட்சத்துல ரோடா? போடறதுன்னா உன்னத்தான் கூப்பிடணும்.

குரோம்பேட்டை வீட்ல நடையே இல்ல, ஹால் நடுவுல, ரெண்டு பக்கமும் ரூம். மாமியாரோட பீரோ அளவுக்கும் கட்டில் அளவுக்கும் பேப்பர விரிச்சுப் போட்டுப் பாத்தேன், டைல்ஸ் துடைச்சுக்கிட்டு இருந்த அம்மா "என்னம்மா ஜோசியமா"ன்னு கேட்டுது. கட்டில் நிக்குது, பீரோ நிக்குது, நடுவுல ஒரு ஆள் நடக்கலாம். சமையலறை அக்னி மூலையில இருக்குன்னு புரோக்கர் பெருமையா சொன்னார், எனக்கு அங்க ஃப்ரிட்ஜ் கதவு முழுசா திறக்குதாங்கறதுதான் கவலை, திறக்குது. மூணரை அடில ஒரு சர்வீஸ் ஏரியா, வாஷிங் மெஷின் வெச்சு மேல கொடியும் கட்டலாம், கிழக்கு வெயில் வருது. குறையும் இருக்கு, ரெண்டாவது ரூம் ஜன்னலத் திறந்தா அஞ்சடில பக்கத்து வீட்டு சுவரு, அவங்க தாளிச்சா நமக்குத் தும்மல். ஆறு வீட்டுக்கு நாலு கார் நிறுத்தற இடம். எங்களுக்குக் கார் இல்லாததால இப்போதைக்கு தப்பிச்சோம், பத்திரத்துல எழுதி வாங்கணும். பாட்டியும் பேத்தியும் ஒரே ரூம்ல, அது தனிப் பஞ்சாயத்து. பொண்ணு ஒரு நாள் முழுக்க பேசல, அப்புறம் "ரெண்டு வருஷம்தானே, நான் ஹாஸ்டல் போயிடுவேன்"னா. அத கேட்டு எனக்கு சந்தோஷப்படறதா அழறதான்னு தெரியல.

ராத்திரி தூக்கம் வராம பண்றது ஒண்ணுதான். மனை 500 சதுர மீட்டருக்குள்ள, வீடும் எட்டுக்குள்ள, அதனால இந்த குரோம்பேட்டை பில்டிங்குக்கு ரெரா ரிஜிஸ்ட்ரேஷன், அதான் வீடு வாங்கறவங்களுக்குப் பாதுகாப்பா இருக்கற அரசாங்கப் பதிவு, தேவையே இல்லையாம். டவருக்கு அது இருக்கு, அவர் அதையே திரும்பத் திரும்ப சொல்றார், அதுல நியாயம் இல்லாம இல்ல. இந்த பில்டர் மேஸ்திரியா இருந்து மேல வந்தவர், தண்ணி ஊத்திக் க்யூரிங் பண்ணினதயெல்லாம் போன்ல போட்டோ வெச்சிருக்கார், எனக்கு அந்த மனுஷனப் புடிச்சிருக்கு. ஆனா புடிச்சிருக்குன்னு 79 லட்சம் குடுக்க முடியுமா? 2014ல மவுலிவாக்கத்துல கட்டிக்கிட்டு இருந்த அடுக்குமாடி விழுந்தப்போ நீ போரூர்ல இருந்த, 61 பேரு செத்தாங்க, நீ ஒரு வாரம் சரியா சாப்பிடலன்னு உங்க அம்மா போன் பண்ணாங்க. அது 11 மாடி, இது மூணு மாடிதான்னு மனச தேத்திக்கறேன். மண்ணு டெஸ்ட் ரிப்போர்ட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் கேட்டேன், தரேன்னுட்டார். தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா எல்லாம் வக்கீல்ட்ட குடுத்தாச்சு.

பத்திரத்துல என் பேரு முதல்ல வரணும்னு சொல்லிட்டேன். பொம்பளைங்க பேர்ல வாங்கினா ரிஜிஸ்ட்ரேஷன்ல 1% கம்மியாமேன்னு அவர் உடனே ஓகேன்னார், அது 10 லட்சத்துக்குள்ள இருக்கற சொத்துக்குத்தான்னு தெரிஞ்சதும் கொஞ்சம் இழுத்தார். நான் இழுக்கல. லோன்ல பாதி என் சம்பளம்.

பிளான் ரெண்டையும் இதோட அனுப்பியிருக்கேன், அப்ரூவ்டு பிளானும் பில்டர் கைல வரைஞ்சு குடுத்ததும். ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாரு, முக்கியமா பக்கத்துல விட்டிருக்கற இடம். அப்புறம் சிவப்புல வட்டம் போட்டிருக்கேன் பாரு, அந்தப் பொது பாத்ரூமோட கதவு டைனிங்ல திறக்குது. அத மாமியார் ரூம் பக்கமா ஒண்ணு கூடுதலா திறக்க முடியுமா? நாலரை இஞ்ச் சுவருதான், ஆனா ஓரத்துல பில்லர் வருது, எவ்ளோ தள்ளி உடைக்கணும்னு எனக்குத் தெரியல. மேஸ்திரி "பண்ணிடலாம்மா"ங்கறார், அவர் எதுக்குமே அப்படித்தான் சொல்றார். ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள பேனாவால கிறுக்கி போட்டோ அனுப்பு. முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லு, அத வெச்சு இன்னும் ஒரு லட்சம் குறைக்கச் சொல்லிக் கேப்பேன்.

உன்
லல்லி