மறைக்காமல் சொல், மகளே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த நீ பாதி வாக்கியத்தில் நிறுத்தினாய். பிறகு மாப்பிள்ளை பேசினார், இணைப்புச் சரியில்லை என்றார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. புற்றுநோய்க்கு உனக்கு ஏற்றும் கீமோவின் அடுத்த தேதியைப் பற்றியும் கேட்கப்போவதில்லை. கேட்டால், நன்றாக இருக்கிறேன் அப்பா என்ற அதே பதில்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன்.

சிறுவயதில் பேருந்தில் ஏறினால் பயணம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இறங்கிய பிறகுதான் வாந்தி எடுப்பாய். உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்று சொல்லாமல் இருந்தேன் என்பாய். அந்தப் பொறுமையைப் பற்றி நம் உறவினர்களிடம் எத்தனையோ முறை பெருமையாகப் பேசியிருக்கிறேன், இன்றும் பேசுவேன். ஆனால் கீமோவால் வரும் இந்த வாந்தியை நீ பொறுத்துக்கொள்ளப் பொறுத்துக்கொள்ள, மருத்துவர் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு அதே மாத்திரையைத் திரும்பவும் எழுதித் தருவார். அதற்கு அவரை எப்படிக் குறை சொல்வது?

பேருந்து விஷயத்தை அவரிடம் சொன்னாயா? பயணத்தில் குமட்டல் வருகிறவர்களுக்கும், கருவுற்றிருந்தபோது வாந்தியால் அவதிப்பட்டவர்களுக்கும் கீமோவின்போது வாந்தி வரும் வாய்ப்பு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கும், முதியவர்களைவிட இளையவர்களுக்கும் அதிகம். எல்லாமே உனக்குப் பொருந்துகின்றன. சின்னவன் வயிற்றில் இருந்தபோது நீ பட்ட பாட்டை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீயாக இவற்றைச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஒன்றும் இல்லை என்று நீ சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் மூன்றாம் நாளைப் பற்றி நீ பேசுவதே இல்லை. மருந்து ஏறிய 24 மணி நேரத்துக்குள் வரும் வாந்தி வேறு, அதற்குப் பிறகு வருவது வேறு என்பதை நான் இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் நாளில், கீமோ மருந்தால் பாதிக்கப்படும் குடல் செல்கள் செரோட்டோனின் என்ற பொருளை வெளியிட, அது நரம்பின் வழியே மூளையைத் தூண்டுகிறது. ஒன்டான்செட்ரான், கிரானிசெட்ரான் போன்றவை அந்தத் தூண்டுதலைத் தடுக்கின்றன. அடுத்தடுத்த நாட்களில் வரும் வாந்தியில் சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொரு பொருளின் பங்குதான் பெரிது, அதைத் தடுக்க அப்ரெபிடன்ட் உண்டு. கூடவே டெக்சாமெத்தசோன், ஒலன்சாபின் ஆகியவற்றையும் கொடுக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் போன்ற சில கீமோ மருந்துகளுக்கு, இந்தப் பிந்தைய வாந்தி 2, 3-ஆம் நாட்களில் உச்சத்துக்குப் போகும். அப்போது நீ வீட்டில் இருப்பாய், மருத்துவர் உன்னைப் பார்க்க மாட்டார். நீ சொன்னால் ஒழிய அவருக்குத் தெரிய வழியே இல்லை.

உன் அத்தையை நினைத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் இந்த மருந்துகள் கிடையாது. ஒன்டான்செட்ரானே 1990களின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது, அப்ரெபிடன்ட் 2003-இல் வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் அவள் ஓங்கரித்துக்கொண்டே இருப்பாள், மஞ்சள் நீர் மட்டும் வரும், ஒரு கையால் கட்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி மறுகையால் என்னை வெளியே போகச் சொல்வாள். அவள் நோய்க்குப் பயந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்தவில்லை, வாந்திக்குப் பயந்துதான் நிறுத்தினாள். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அவளுக்குக் கிடைக்காதது உனக்கு மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதை முழுவதும் பயன்படுத்திக்கொள் என்பதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

குமட்டல் வந்தபின் மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்காதே. வந்த வாந்தியை அடக்குவதைவிட வருமுன் தடுப்பது எளிது; நன்றாக இருக்கும் நாளிலும் எழுதிக்கொடுத்த வேளைக்கு மாத்திரையைப் போட வேண்டும். ஒன்டான்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும், மலச்சிக்கலே குமட்டலைக் கூட்டும். அதற்காக மாத்திரையை விட்டுவிடாமல், மலம் இளக மருந்து கேட்டு வாங்கிக்கொள். டெக்சாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் காலையில் போடச் சொல்வார்கள். ஒலன்சாபின் தூக்கம் வரவழைக்கும் என்பதால் இரவில் கொடுப்பார்கள். மனநோய்க்கான மருந்து என்று அதன் தாளில் படித்துவிட்டு நீ பயப்பட வேண்டாம், குறைந்த அளவில் வாந்திக்கும் அதைக் கொடுப்பது உண்டு. மாத்திரையே வாந்தியில் வந்துவிட்டால் நீயாக இன்னொன்றை விழுங்காமல் மருத்துவமனையைக் கேள். நாக்கில் கரையும் மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, ஊசி எனப் பல வகைகள் இருக்கின்றன.

வாந்தி வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால் அது தவறு. உள்ளதைச் சொன்னால் கீமோவின் அளவைக் குறைத்துவிடுவார்களோ என்று நீ அஞ்சினால், பெரும்பாலும் அவர்கள் முதலில் மாற்றுவது வாந்திக்கான மாத்திரையைத்தான். ஆகவே சொல்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வயிறு நிறைய வேண்டாம், சிறிது சிறிதாகப் பல முறை சாப்பிடு. வயிறு காலியாகக் கிடந்தாலும் குமட்டும். சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு. சமையல் நடக்கும்போது நீ அந்தப் பக்கமே போகாதே, மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். உனக்கு மிகவும் பிடித்ததை மருந்து ஏறும் நாளில் தொடாதே. குமட்டலோடு சேர்த்து மூளை அதை நினைவில் வைத்துக்கொண்டால் பிறகு அந்த உணவே பிடிக்காமல் போய்விடும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே மடக்கு மடக்காகக் குடி. இஞ்சி பலருக்கு உதவுகிறது என்கிறார்கள், ஆனால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது கேட்காமல் அதிகம் எடுக்காதே.

மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னாய். அது உன் மனம் பலவீனமானதால் வருவதல்ல. முந்தைய முறை வாந்தி சரியாக அடங்காமல் போனவர்களுக்கு, அடுத்த முறை மருந்து உடலில் ஏறும் முன்பே குமட்டல் வந்துவிடக்கூடும். அந்தப் பையை மாற்று. முந்தைய இரவில் பதற்றத்தைத் தணிக்க லோராசெபாம் போன்ற மாத்திரை தருவதும் உண்டு, கேட்டுப் பார். கையின் உட்புறத்தில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கையை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநார்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்துவது சிலருக்கு ஆறுதல் தருகிறது. மாத்திரையோடு சேர்த்து அதையும் செய்.

ஒரு தாளில், எந்த நாள், எந்த நேரம், எத்தனை முறை, என்ன மாத்திரை போட்டிருந்தாய் என்று எழுதி வை. எழுத முடியாவிட்டால் மாப்பிள்ளையை எழுதச் சொல். அடுத்த முறை மருந்து ஏற்றுவதற்கு முன் அந்தத் தாளை மருத்துவரின் கையில் கொடு. எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. அம்மாவிடம் காட்ட மாட்டேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் குறைவாகப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, நள்ளிரவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு அழை. விடியட்டும் என்று காத்திருக்காதே. கீமோ முடிந்து 48 மணி நேரம் வரை வாந்தியைத் துடைப்பவர்கள் கையுறை அணிய வேண்டும் என்பதை மாப்பிள்ளையிடம் சொல்.